கார்ட்லெஸ் மைக் பிறந்த கதை

மேலூர் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. இரவு வள்ளி திருமணம் நாடகம். ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டிவிட்டார். மிருதங்கமும் ஆல்ரவுண்டு தாளக் கருவிகளும் தயார். நாரதர் வேடத்தில் வந்தவர் கையில் கார்ட்லெஸ் மைக். மேடை நடுவில் நிற்கும்வரை குரல் கணீரென்று கேட்டது. வலது ஓரத்துக்குப் போய்ச் சபையைப் பார்த்துத் திரும்பினார். குரல் துண்டு துண்டாக அறுந்தது. ஓரடி தள்ளி வந்தால் கேட்கிறது, மறுபடி நகர்ந்தால் ‘கர்ர்’ என்கிறது. பின்வரிசையில் விசில் பறந்தது. விழாக் கமிட்டியில் ஒருவர் எழுந்து, “என்னய்யா மைக்கு கொண்டாந்திருக்க?” என்று மைக் செட்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அறுபதைக் கடந்த அந்த மைக் செட்காரர் மைக்கைத் தொடவே இல்லை. மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், இரும்புப் பெட்டிக்குள் கிடந்த ரிசீவரை வெளியே எடுத்தார். மேடையோரச் சவுக்குக் கம்பில் ஆள் உயரத்துக்கு மேலே வைத்துக் கட்டினார். சாய்ந்து கிடந்த இரண்டு ஏரியல்களையும் நிமிர்த்தி, கவட்டை மாதிரி விரித்துவிட்டார். விடியும்வரை குரல் அறுபடவில்லை.

டீ குடிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “வயர் இல்லேன்னா என்ன தம்பி, வழி வேணும்ல?” என்றார்.

கார்ட்லெஸ் மைக்கின் கதை முழுவதும் இந்த வழியைத் தேடிய கதைதான். அதைச் செய்து பார்த்தவர்கள் எங்கெல்லாம் முட்டிக்கொண்டார்களோ, அங்கெல்லாம்தான் நம் ஊர்ப் பந்தல்களில் இன்றும் மைக் மக்கர் செய்கிறது. பிறந்த கதை தெரிந்தவருக்குப் பழுது எங்கே என்று தேடத் தெரியும்.

தொண்டையே மைக்காக இருந்த காலம்

மதுரை நாடகத்தின் ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகப் பயின்றது அந்தச் சபையில். பின்னாளில் எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். அந்தக் கொட்டகைகளில் நடிகனின் முதல் தகுதி, கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் எட்டிப் பிடித்த உச்சஸ்தாயி அவர்களுடைய கலை. அது அந்தக் காலத்தின் தேவையும்கூட. கீழ்ச் சுருதியில் பாடினால் தரை டிக்கெட்டுக்குக் கேட்காது.

அரசியலிலும் இதே நிலைதான். 1921 செப்டம்பரில் மதுரை மேல மாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறி, இன்று காந்தி பொட்டல் என்று அழைக்கப்படும் இடத்தில் பேசியபோது, நம் நாட்டுக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி பழகியிருக்கவில்லை. கூட்டத்தின் பெரும்பகுதிக்குத் தலைவரின் முகம் தெரியும், சொல் எட்டாது. இந்தக் குறையைப் பார்த்துத்தான் நானிக் மோத்வானி என்ற வியாபாரி காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொண்டுவந்தார். 1931 கராச்சி மாநாட்டில் அவருடைய கருவிகள் ஒலித்தன. பழைய படங்களில் காந்தி, நேரு முன்னால் நிற்கும் மைக்கில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பலகை தெரியும். அது மோத்வானி குடும்பத்தின் கம்பெனி. 1940ல் டெல்லியில் அகுஜா தொடங்கியது. நம் ஊரில் அந்தப் பெயரே ஆம்ப்ளிஃபயருக்கு மறுபெயர் ஆகிவிட்டது.

மைக் வந்ததும் தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது, காலுக்குக் கட்டு விழுந்தது. பாடுகிறவர் மைக்குக்கு நேரே வந்து நின்றுதான் பாட வேண்டும். வேலன் துரத்த, வள்ளி ஓட வேண்டிய காட்சியிலும் இருவரும் மைக்கைச் சுற்றியே நிற்பார்கள். ஓடினால் வசனம் கேட்காது. மேடை முழுவதையும் பயன்படுத்தப் பழகிய கலைக்கு, மூன்றடி வட்டம் மிச்சமானது. இந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்ற எண்ணம் உலகத்தில் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தது.

பனிச்சறுக்கு மேடையில்

இங்கிலாந்தில் ரெஜ் மூர்ஸ் என்பவர் பனிச்சறுக்கு வீரர், மின்னணுக் கருவிகள் செய்பவரும்கூட. சறுக்கிக்கொண்டே நடிக்கும் நாடகத்தில் வயர் மைக்குக்கு வேலையே இல்லை. காலில் சுற்றி ஆளைக் கவிழ்த்துவிடும். 1947ல் அவர் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டரை மைக்கோடு சேர்த்துச் செய்தார். 1949 செப்டம்பரில் பிரைட்டன் நகரில் ‘அலாவுதீன்’ கதை பனிமேடையில் ஏறியபோது, கெட்ட மந்திரவாதியாக வந்த நடிகரின் உடைக்குள் அதை வைத்துக் கட்டினார். நன்றாகவே வேலை செய்தது. கிறிஸ்துமஸ் முடியும்வரை ஓடியது.

ஆனால் மூர்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவருக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. காப்புரிமைக்குப் போனால் அந்தக் குற்றம் வெளியே வரும். முதல் கருவியை 1972ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

பிறக்கும்போதே இந்தக் கருவிக்கு இப்படியொரு சிக்கல் இருந்தது: காற்று பொதுச் சொத்து. வயர் உங்களுடையது, அதில் வேறு யாரும் பேச முடியாது. வயரை அறுத்த கணத்தில், உங்கள் குரல் வானொலி, தொலைக்காட்சி, போலீஸ் வயர்லெஸ், கைபேசி எல்லாம் போகிற சாலையில் இறங்கிவிடுகிறது.

மதுரையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். விலை மலிந்த கார்ட்லெஸ் மைக்குகள் சில, எஃப்எம் ரேடியோவின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே வேலை செய்பவை. மதுரை வானொலி 103.3ல் ஒலிக்கிறது. 1999ல் தொடங்கிய கோடை எஃப்எம் 100.5ல், ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயர மலையிலிருந்து சமவெளி முழுவதற்கும் ஒலிபரப்புகிறது. எஃப்எம் முறையில் இரண்டு குரல்கள் ஒரே இடத்தில் மோதினால் கலந்து கேட்பதில்லை. வலுத்தது மட்டும் நிற்கும், இளைத்தது அமுங்கிப்போகும். மணமேடையில் ஆசீர்வாதம் நடக்கும்போது ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து திடீரென்று சினிமாப் பாட்டு வந்தால், மைக் கெட்டுப்போகவில்லை. வலுத்தவர் வழியில் நாம் போய் நின்றுவிட்டோம்.

வால்விலிருந்து செல் வரைக்கும்

1953ல் அமெரிக்காவின் ஷூர் கம்பெனி ‘வேகபாண்ட்’ என்ற மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயருக்கு நாடோடி என்று பொருள். உள்ளே ஐந்து குட்டி வால்வுகள். அது எட்டிய பரப்பு ஏறத்தாழ 700 சதுர அடி, அதாவது எந்தப் பக்கம் போனாலும் பதினைந்தடி. ஒரு கல்யாண மண்டப மேடையைத் தாண்டாத நாடோடி. வால்வுகள் சூடாவதற்கே மின்சாரம் குடிப்பவை. சின்ன பேட்டரியில் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது.

1957ல் ஜெர்மனியின் சென்ஹைசர், அன்றைய பெயர் லேப் டபிள்யூ, வடஜெர்மன் வானொலியோடு சேர்ந்து சட்டைப் பையில் அடங்கும் ஒரு கருவியைக் காட்டியது. அடுத்த ஆண்டு ‘மைக்ரோபோர்ட்’ என்ற பெயரில் டெலிஃபுங்கன் கம்பெனி அதை விற்றது. 37 மெகாஹெர்ட்ஸ், எட்டும் தூரம் 300 அடி. 1960 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கட்சி மாநாடுகளில் ரே லிட்கே உருவாக்கிய வேகா மைக்கைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சி நிருபர்கள் கூட்டத்துக்குள் நடந்து பேட்டி எடுத்தார்கள். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. சின்ன செல்லிலேயே மணிக்கணக்கில் ஓடியது.

இருந்தும் செல் என்ற கட்டு மட்டும் இன்றுவரை விடவில்லை. வயர் மைக்குக்கு வயர் வழியாக உயிர் வந்தது. கார்ட்லெஸ் தன் உயிரைத் தானே சுமக்கிறது. நாடகத்தின் முதல் மணி நேரம் நன்றாக இருந்து, நள்ளிரவில் குரல் உடையத் தொடங்கினால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை செல் தீர்ந்த கதைதான் என்பார்கள் மைக் செட்காரர்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் இதற்கு உதவாது. ஆல்கலைன் செல் வேண்டும். சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட்தான் தரும், சாதாரண செல் 1.5. ஆகவே சார்ஜ் செல்லைப் போட்டால் சில மைக்குகளில் பச்சை விளக்கு சீக்கிரமே சிவப்பாகும். பழையதும் புதியதுமாகக் கலந்து போட்டால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். திறமையான மைக் செட்காரர் விழாவுக்கு விழா புது செல் மாற்றுவார். பழையதைத் தூக்கிப்போடாமல் வீட்டு டார்ச்சுக்கு வைத்துக்கொள்வார்.

டைக்குள் ஒளிந்த மைக்

1964ல் வந்த ‘மை ஃபேர் லேடி’ ஹாலிவுட் படத்தில் ரெக்ஸ் ஹாரிசன், பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்து வாயசைக்க மறுத்தார். நடிக்கும்போதே பாடுவேன் என்றார். ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் குரோவ்ஸ் அவருடைய கழுத்து டைக்குள் கார்ட்லெஸ் மைக்கை ஒளித்து வைத்தார். அந்தப் படம் ஒலிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னால், 1962ல், பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாம் காலர் மைக் என்று சொல்லும் மிளகளவு மைக் அதன் பேரப்பிள்ளை.

கையில் பிடித்தால் வாய்க்கு நேரே இருக்கும் மைக், நெஞ்சுக்குப் போனதும் புதுத் தொல்லைகள் சேர்ந்தன. பட்டிமன்றப் பேச்சாளரின் பட்டுத்துண்டு உரசினால் ‘கரக் கரக்’ என்று கேட்கும். டிரான்ஸ்மிட்டர் பெட்டியை வேட்டி மடிப்பில் செருகினால் வேர்வை இறங்கும். மனித உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர்; அது ரேடியோ அலையை விழுங்கும். ஏரியல் தோலோடு ஒட்டி மடங்கிக் கிடந்தால், சபைக்குப் போக வேண்டிய குரலில் பாதி பேச்சாளரின் இடுப்பிலேயே செத்துவிடும். பெட்டியை வெளிப்பக்கம் மாட்டி, ஏரியலைத் தொங்கவிடுவதுதான் மருந்து. கை மைக்கிலும் இதே விஷயம் உண்டு. பல மைக்குகளில் ஏரியல் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. அடியைப் பொத்திப் பிடித்துப் பாடுகிறவர் தன் குரலைத் தானே பொத்துகிறார்.

பஞ்சுப் பொதி

எழுபதுகள் வரை கார்ட்லெஸ் மைக்கில் இன்னொரு குறை. மெல்லப் பேசினால் அடியில் ‘உஸ்’ என்ற இரைச்சல், ஓங்கிப் பாடினால் உடைசல். கிசுகிசுப்புக்கும் கூச்சலுக்கும் இடையே உள்ள அத்தனை தூரத்தையும் அந்தக் காலத்து ரேடியோ இணைப்பால் சுமக்க முடியவில்லை. 1976ல் தொடங்கிய நேடி கம்பெனி இதற்கு ஒரு வழியைக் கார்ட்லெஸ் மைக்குக்குள் கொண்டுவந்தது.

மதுரை மில்லுக்குப் பஞ்சு வந்த விதத்தை நினைத்துக்கொண்டால் அது எளிதாகப் புரியும். பஞ்சை அப்படியே ஏற்றினால் வண்டி கொள்ளாது. அமுக்கிப் பொதியாகக் கட்டி அனுப்புவார்கள். மில்லில் பிரித்து உதறியதும் பழைய பஞ்சு ஆகிவிடும். மைக்கில் உள்ள டிரான்ஸ்மிட்டர் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கி அனுப்புகிறது. ரிசீவர் அதை இரண்டு மடங்காக விரிக்கிறது. விரிக்கும்போது வழியில் சேர்ந்த இரைச்சல் அடியில் அமுங்கிப்போகிறது. இந்த ஒரு வேலையால்தான் பெரிய பாட்டுக் கச்சேரிகள் வயரை நம்பிக்கையோடு கைவிட்டன. 1979ல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்று, துணி மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த தலை மைக்கோடு ஊர் ஊராகப் போனார்.

இதிலும் நம் ஊருக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கம்பெனி அமுக்கும் விதம் வேறு, இன்னொரு கம்பெனி விரிக்கும் விதம் வேறு. ஒரு செட்டின் மைக்கை இன்னொரு செட்டின் ரிசீவரோடு ஜோடி சேர்த்தால், அலைவரிசை ஒன்றாகவே இருந்தாலும் குரல் குதித்துக் குதித்து வரும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் மைக் மட்டும் தனியாகக் கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு சாண் தூரத்துப் பள்ளம்

மேலூர்ப் பக்கத்து நாரதரின் குரல் ஏன் அறுந்தது? அந்த மேடைக்குப் பின்னால் தகரத் தட்டி, மேலே இரும்புச் சட்டம். மைக்கிலிருந்து புறப்பட்ட அலை நேராக ஒரு தடவையும், தகரத்தில் மோதித் திரும்பி இன்னொரு தடவையும் ரிசீவருக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் குரல் வலுக்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த இடம் பள்ளம். 600 மெகாஹெர்ட்ஸ் போன்ற யூஎச்எஃப் மைக்கில் அலைநீளம் 50 சென்டிமீட்டர். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி அதில் பாதி, கிட்டத்தட்ட ஒரு சாண். ஒரு சாண் நகர்ந்தால் குரல் போவதும் வருவதும் இதனால்தான். 200 மெகாஹெர்ட்ஸ் போன்ற விஎச்எஃப் மைக்கில் அலைநீளம் ஒன்றரை மீட்டர். அதனால்தான் அதன் ரிசீவருக்கு இழுத்து நீட்டும் முழ நீளக் கம்பி, யூஎச்எஃப் ரிசீவருக்கு விரல் நீள ரப்பர் ஏரியல்.

இதற்கு மருந்தை 1920களின் கடைசியிலேயே அமெரிக்க ஆர்சிஏ பொறியாளர்கள் நெடுந்தூர வானொலிக்காகக் கண்டுவிட்டார்கள். தள்ளித் தள்ளிப் பல ஏரியல். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் இன்னொன்று மேட்டில் இருக்கும். பிற்பாடு மைக் ரிசீவர்களுக்கு அது இறங்கி வந்தது. எந்த ஏரியலில் சத்து அதிகமோ அதை ரிசீவர் தானே எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு ஏரியலும் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால், இரண்டுக்குக் கொடுத்த பணம் வீண். இரும்புப் பெட்டிக்குள் கிடந்தால் சொல்லவே வேண்டாம். மைக் செட்காரர் கவட்டை மாதிரி விரித்ததும், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கட்டியதும் அனுபவம் தந்த படிப்பு. பொறியியல் புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

வாடிவாசலில் நெரிசல்

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். வாடிவாசல் மேடையில் நின்று வர்ணனை செய்பவர்களின் குரல் இல்லாமல் ஜல்லிக்கட்டு இல்லை. எந்த ஊர் மாடு, பிடித்தால் என்ன பரிசு என்று காலையிலிருந்து மூச்சு விடாமல் அறிவிக்கிறார்கள். ஒருவர் ஓய, இன்னொருவர் தொடர்வார். அங்கே கார்ட்லெஸ் மைக் மட்டும் இரண்டு மூன்று. போலீஸ் வாக்கிடாக்கி வேறு, நேரலை செய்ய வந்த தொலைக்காட்சிகளின் மைக்குகள் வேறு, எல்.இ.டி. திரை கக்கும் ரேடியோ இரைச்சல் வேறு.

இப்படி நெரிசலான இடத்தில் கணக்குத் தெரிய வேண்டும். 600, 601 என்று இரண்டு மைக் ஓடினால், அவை ரிசீவருக்குள் கலந்து 599, 602 என்று இரண்டு பேய்களைப் பெறும். மூன்றாவது மைக்கை வரிசையாக 602ல் வைத்தால் பேய்க்கு வீடு கட்டிக் கொடுத்தது போல. அதனால்தான் நல்ல செட்டுகளில் அலைவரிசைகள் சமமற்ற இடைவெளியில் வகுத்திருக்கும். அந்த வகுப்பை மாற்றாமல் விடுவதே நல்லது.

யார் வந்து நம் வழியில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நம் மைக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் போடுங்கள். சிக்னல் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் அந்த அலைவரிசையில் வேறொருவர் குடியிருக்கிறார், எண்ணை மாற்றுங்கள். பிறகு மைக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மற்ற ரிசீவர்களின் விளக்கைப் பாருங்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு மேடையின் நான்கு மூலைக்கும் நடந்து பேசிப் பாருங்கள். “ஹலோ மைக் டெஸ்டிங்” என்று நின்ற இடத்தில் சொல்வது சோதனை ஆகாது. வயர் மைக்குக்கு அது போதும். இதற்கு நடந்து பார்க்க வேண்டும். நடக்கும்போதே பாக்ஸ்களுக்கு முன்னால் எந்த இடத்தில் ‘வீல்’ என்று கத்துகிறது என்பதும் தெரிந்துவிடும். வயர் இருந்தவரை அது ஆளைப் பாக்ஸுக்கு முன்னால் போகவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது.

சாலை மாறுகிறது

மூர்ஸ் திருட்டுத்தனமாக நுழைந்த அந்தச் சாலை இன்றும் மாறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கா 2010 ஜூனில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து கார்ட்லெஸ் மைக்குகளை வெளியேற்றியது. நம் நாட்டில் அதே 700 பகுதி 2016லும் 2021லும் ஏலத்துக்கு வந்து விலைபோகவில்லை. 2022 ஏலத்தில் விற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் 5ஜி வந்தது. 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடம் கைபேசிக் கோபுரங்கள் பேசுவதற்கானது. அதற்குள் விழும் பழைய யூஎச்எஃப் மைக், கோபுரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒருநாள் காரணமே தெரியாமல் இரையத் தொடங்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று ரிசீவரைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. முதுகில் ஒட்டியிருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டதால், 174 முதல் 230 வரை உள்ள விஎச்எஃப் பக்கம் முன்னைவிட அமைதியாக இருக்கிறது. விஎச்எஃப் பழசு என்று ஒதுக்கத் தேவையில்லை.

மேலூர் பக்கத்து விழாவில் வசவு வாங்கியவரிடம் கருவிகள் இருந்தன, நேரம்தான் இல்லை. பந்தல், சீரியல் செட், சாமி ஊர்வலம் எல்லாம் முடிந்து நாடகம் தொடங்க அரைமணி இருக்கும்போதுதான் மேடை அவர் கைக்கு வந்தது. அரைமணியில் பாக்ஸ் ஏற்றலாம். அலைவரிசை தேடவும், நான்கு மூலைக்கும் நடந்து பார்க்கவும் முடியாது.

விழாக் கமிட்டியில் இருப்பவர்களுக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மைக் செட்காரருக்கு மேடையை இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுங்கள். ரிசீவர் வைக்க மேடையோரம் உயரமான ஓரிடம் ஒதுக்குங்கள். புது செல்லுக்கான பணத்தைப் பேசிய கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். பேசப் போகிறவர் யாராக இருந்தாலும், அவருடைய குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் வழியை அமைப்பவர் மைக் செட்காரர்தான்.